கோவாச் சாமியாருக்காகப் படித்த இங்கிலீஷ்

இருதயநாதன் என்ற பெயரைச் சகாயம்மாள் முதன்முதலில் கேட்டது, நின்றுபோன ஒரு கல்யாணத்தின் கதையில்தான்.

எழுபதாம் வருஷத்தை ஒட்டி இருக்கும். மண்ணச்சநல்லூரில் அவள் அப்பா ஒரு ரைஸ் மில்லில் நெல் காயப்போடுகிற களத்துக்கு மேஸ்திரி. அப்பாவோடு பிறந்தவர்களில் கடைக்குட்டியான சின்ன அத்தை திருச்சி பாலக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் ஒரு நாள் வந்து இறங்கினாள். கால் கழுவுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க பங்குக் கோவில்ல ஒரு கல்யாணம் நின்னுபோச்சு தெரியுமா அண்ணே? மூணாவது ஓலையும் வாசிச்சாச்சு. சோறாக்க அண்டா எடுத்தாந்துட்டாங்க. அப்ப நின்னுச்சு."

ஓலை என்றால் வேறொன்றுமில்லை. கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில் கல்யாணம் என்றால், அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பெண் மாப்பிள்ளை பெயரை வாசிப்பார். முறை தப்பான சம்பந்தம், முன்னால் கட்டிய தாலி என்று ஏதாவது தடை யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்ல வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் பாவம்.

"பொண்ணு தையக்கார வீட்டு லூர்துராணி. மாப்பிள்ளை லால்குடி தைரியராஜ். கடைசில பாத்தா ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி முறையாம்! பொண்ணோட அம்மாயி இருக்காளே, அம்மாவப் பெத்தவ, அவ பொறந்தது லால்குடியாம். காலரா வந்த வருஷம் கைக்குழந்தையா இருந்தவளப் பாலக்கரைக்குத் தத்துக் குடுத்துட்டாங்களாம். மாப்பிள்ளையோட அம்மாயிக்குக் கூடப்பொறந்த தங்கச்சியாம் அவ. அப்ப பொண்ணோட அம்மாவும் மாப்பிள்ளையோட அம்மாவும் அக்கா தங்கச்சி ஆயிட்டாங்கல்ல?"

"யாரு சொன்னா இத?"

"எங்க கோவில்பிள்ளை இருதயநாதன். கோவில்ல மணியடிக்கிறது, மெழுகுவத்தி ஏத்துறது எல்லாம் அவன்தான். அவன் ஆத்தா மருத்துவச்சி. அந்தப் பக்கத்துப் பிரசவமெல்லாம் அவளும் அவ ஆத்தாளும் பாத்ததுதான். செத்துப்போறதுக்கு முன்னால மகன்கிட்ட சொல்லிட்டுச் செத்தாளாம். பையன் நேரா சாமியார்கிட்ட போய்ச் சொல்லிட்டான். யாருக்கு வரும் அந்தத் தைரியம்? ரெண்டு வீட்டுப் பகையையும் தலைல போட்டுக்கிட்டான்."

அப்பா கேட்டார்: "அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

அப்படித்தான் சகாயம்மாளின் கல்யாணம் கூடியது. உண்மை பேசுகிறவன், அது போதும் என்றார் அப்பா.

உண்மையில் குறை சொல்ல முடியாத மனுஷன்தான். குடி கிடையாது, சீட்டு கிடையாது. விடிவதற்கு முன் எழுந்து போய் மணியடிப்பார். பித்தளை மெழுகுவத்தித் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்த்தால் அதில் முகம் பார்த்துப் பவுடர் போடலாம். சகாயம்மாளைக் கைநீட்டி ஒரு அடி அடித்ததில்லை.

ஆனால் அவள் கண்ணில் ஒன்று பட்டது. கல்யாணப் பூசையில் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை, அதாவது நன்மையை, வாங்கினாரே, அப்போது அவர் உதடு நடுங்கியது. அதற்குப் பிறகு அவர் நன்மை வாங்கி அவள் பார்த்ததில்லை. சாமியார் நன்மைக் கிண்ணத்தோடு படியிறங்கும் நேரத்தில் கோவில்பிள்ளைக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். பின்னறையில் தண்ணீர் தீர்ந்திருக்கும். மணிக்கயிறு சிக்கியிருக்கும். எதுவும் இல்லாவிட்டால் தூபக் கலசத்துக்குக் கரி ஊதப் போய்விடுவார். ஊரே அவரை ஓயாத உழைப்பாளி என்று நினைத்தது. சகாயம்மாள் மட்டும் ஜாடை பார்த்துக்கொண்டிருந்தாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்காத பாவம் இருந்தால் நன்மை வாங்கக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். கேட்டால், "வேலை கெடக்குதில்ல" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

கல்யாணம் நின்றுபோன லூர்துராணி அதற்குப் பிறகு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. கன்னியர் மடத்துத் தையல் பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போய்விட்டாள். தைரியராஜ் வேறிடத்தில் கட்டிக்கொண்டு வடக்கே வேலைக்குப் போய்விட்டான். லூர்துராணி கோவிலில் இருதயநாதனைப் பார்த்தால், "நல்லா இருக்கீங்களாண்ணே" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். அவள் அண்ணே என்கிறபோதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். வெட்கம் என்று நினைத்தாள் சகாயம்மாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மகள் அமலிக்குப் புதுநன்மை வந்தது. பங்குச் சாமியார் பாக்கியநாதன் புது ஏற்பாடு ஒன்றைச் சொன்னார். பிள்ளைகள் முதன்முதலாக நன்மை வாங்கும்போது, இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா, மூன்று பேருமாகச் சேர்ந்து வாங்க வேண்டும். மே மாதம் கடைசி ஞாயிறு.

"அன்னிக்குக் கரி ஊதப் போயிடாதீங்க" என்றாள் சகாயம்மாள்.

இருதயநாதன் கோவிலுக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் அந்த வாரத்திலிருந்து அவர் நடவடிக்கை மாறியது. பித்தளை தேய்க்கும்போது வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். ஜெபம் என்று பார்த்தால் ஜெபமும் இல்லை. "டெல், டோல்ட், டோல்ட். டூ, டிட், டன்." சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஐ டிட், ஐ ஹேவ் டன், ஐ ஹேட் டன்" என்பார். அமலி சிரித்து உருண்டாள். "அப்பா, எங்க டீச்சர் மாதிரியே சொல்றியேப்பா!" சில சாயங்காலங்களில் ஆள் காணாமல் போய்விடுவார். எங்கே என்றால், "வேலை."

வாடகைச் சைக்கிள் கடை அப்துல் சுக்கூர்தான் போட்டு உடைத்தார். "அக்கா, அண்ணன் வாரத்துல ரெண்டு மூணு நாளு ஸ்ரீரங்கம் போறாரு. கோபுரம் பாக்கவா போறாரு கோவில்பிள்ளை? கேட்டா சிரிக்கிறாரு."

சிரிக்கிறாராமே! அங்கே எவளைப் பார்க்கப் போகிறார் என்று சகாயம்மாளுக்குக் கோபம் ஏறியது. அடுத்த தடவை அவர் சைக்கிள் எடுத்ததும் இவள் பஸ் ஏறினாள். சித்திரை வீதியில் காபிப்பொடிக் கடை வாசலில் அந்தச் சைக்கிள் நின்றது. கடைக்குப் பக்கத்தில் மாடிப்படி. மேலேயிருந்து பத்துப் பதினைந்து குரல்கள் ஒன்றாகக் கத்தின: "கோ, வென்ட், கான்!"

மேலே எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டடித்த பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காதோரம் நரைத்த இருதயநாதன் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். எதிரே கரும்பலகை பக்கத்தில் ஒல்லியான ஒரு பெண். பி.ஏ. முடித்து வேலை கிடைக்காமல் வகுப்பு எடுக்கிற சத்யபாமா. அவளுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். சகாயம்மாளுக்கு வந்த கோபமெல்லாம் படியிலேயே இறங்கிப் போய்விட்டது.

சத்யபாமா அவளைப் பார்த்துவிட்டாள். "வாங்கோ, உள்ள வாங்கோ. யாரைப் பார்க்கணும்?"

இருதயநாதன் திரும்பினார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"எங்க வீட்டுக்காரங்க" என்று அவரைக் காட்டினாள் சகாயம்மாள்.

"ஓ! உங்காத்துக்காரரா? ரொம்ப சிரத்தையாப் படிக்கறார். இந்தக் கடங்காரப் பசங்களுக்கு அவர் சிரத்தைல பாதி இருந்தா நான் பெருமாளுக்கு அக்காரவடிசல் பண்ணிப் போட்டுடுவேன். எந்தப் பரீட்சைக்குன்னுதான் சொல்ல மாட்டேங்கறார். பாஸ்டும் பெர்ஃபெக்டும் மட்டும் போறுமாம். நிகழ்காலம் வேண்டாமாம், எதிர்காலமும் வேண்டாமாம்!" பிள்ளைகள் சிரித்தார்கள். "அதோட இவர் சொல்ற வாக்கியம் எல்லாமே ஒண்ணுதான். ஐ டோல்ட் எ லை. ஐ ஹேவ் டோல்ட் எ லை. பொய் சொன்னேன், பொய் சொல்லியிருக்கேன். வேற எதுவும் தோணலையா மாமான்னு கேட்டேன். அது போறும் அம்மான்னுட்டார்."

பிறகு அவள் பலகைப் பக்கம் திரும்பிவிட்டாள். "எங்க விட்டோம்? சாவியைத் தொலைச்சேன், ஐ லாஸ்ட் மை கீ. தொலைச்சது நேத்திக்கு, அதோட சரி. ஐ ஹேவ் லாஸ்ட் மை கீன்னா? இன்னும் கெடைக்கலை, பூட்டின கதவுக்கு வெளியிலயே நிக்கறேன்னு அர்த்தம். பிடிபட்டுதா?"

பிள்ளைகள் பிடிபட்டது என்று கத்தினார்கள். இருதயநாதன் மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் பக்கத்தில் நடந்தாள். மாம்பழச்சாலை வந்தது. விளக்கு வைக்கிற நேரம். காவிரிப் பக்கமிருந்து காற்று வந்தது.

"ஆஸ்பத்திரிக் கன்னியருங்க மடத்துல ஒரு சாமியார் வந்து தங்கியிருக்காரு" என்று அவரே ஆரம்பித்தார். "கோவாக்காரரு. கண்ணு ஆபரேஷனுக்கு வந்தவரு. தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. இங்கிலீஷ்தான். அவர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணலாம்னு..."

"ஏன், தமிழ்ச் சாமியாருக்கெல்லாம் பஞ்சமா?"

"இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தச் சாமியாருக்கு என் கொரலு தெரியாது? எல்லாருக்கும் பூசைக்கு எடுத்து வெச்சவன் நானு. வேளாங்கண்ணிக்குப் போனோமே, வரிசைல நின்னேன். பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள்ள பாத்தா, முன்ன இங்க உதவிச் சாமியாரா இருந்தவரு. வெலகி வந்துட்டேன்."

"அப்படி என்ன பாவம்?"

அவர் சைக்கிளை நிறுத்தினார். "ஐ டோல்ட்..." என்று தொடங்கினார்.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டார். மறுபடி செருமினார். கடைசியில் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "லூர்துராணி அம்மாயி தத்துப்புள்ள இல்ல. எங்க அம்மா அப்படி எதுவும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

சகாயம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவர் சொல்லச் சொல்ல விளங்கியது. அதற்கு முன்னால் லூர்துராணியை அவர் பெண் கேட்டிருக்கிறார். மணியாட்டுகிறவனுக்குப் பெண் கொடுக்கவா என்று அவள் அப்பா கேலி பேசி அனுப்பியிருக்கிறார். மூன்றாவது ஓலை வாசித்த அன்றைக்கு மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு அந்தப் புத்தி தோன்றியிருக்கிறது. செத்துப்போன அம்மாவை யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது அல்லவா? பொய்யைச் சொன்ன பிறகு மறுபடி பெண் கேட்கவும் அவருக்கு முகம் இல்லை.

"பாக்கியநாதன் சாமியார்கிட்டதான் அன்னிக்கு அந்தப் பொய்யச் சொன்னேன். அவர்கிட்டயே எப்படிப் போய் இத..."

"உண்மை பேசுறவர்னுதான் எங்கப்பா என்னைக் குடுத்தாரு" என்றாள் சகாயம்மாள்.

அந்நேரத்துக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ் ஒன்று வந்தது. அவள் அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டாள்.

சில நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. தட்டு வைப்பாள், சோறு போடுவாள், அவ்வளவுதான். லூர்துராணி வாழ்க்கை அப்படிப் போயிற்று என்றால், அந்தப் பொய்யினால் வந்ததுதானே தன் வாழ்க்கையும் என்று அவளுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அமலியைப் பார்த்தால் அழுகை வந்தது. பொய் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை இல்லை. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

புதுநன்மைக்கு முந்தின வாரம் அவளே வாய் திறந்தாள். "கெளம்புங்க. கண்ணு சரியாகி அந்தச் சாமியார் கோவாவுக்கு ரயில் ஏறிடப் போறாரு."

ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் கூட்டம் இல்லை. கோவாச் சாமியார் பச்சைத் துணி கட்டிய கண்ணோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சகாயம்மாள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"புரிஞ்சுதா அவருக்கு?"

"புரிஞ்சுது. நான் படிச்சதெல்லாம் ஒழுங்காத்தான் வந்துச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு, 'இந்தப் பொய்ய எந்த பாஷைல சொன்னே?'ன்னாரு. தமிழ்லன்னேன். 'அப்ப என்கிட்ட சொன்னது மட்டும் பத்தாது. அந்தப் பொண்ணுகிட்டயும், கல்யாணத்த நிறுத்தின சாமியார்கிட்டயும் அதே பாஷைல போய்ச் சொல்லு. சொல்றேன்னு வாக்குக் குடு, பாவமன்னிப்புத் தரேன்'னுட்டாரு."

"குடுத்தீங்களா?"

"குடுத்துட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இங்கிலீஷ்ல சொன்னா யாரோ ஒருத்தன் பண்ணின மாதிரி இருந்துச்சு சகாயம். சுளுவா வந்துச்சு. அது அவருக்கும் தெரிஞ்சுபோச்சு போல."

அமலியின் வெள்ளைக் கவுனைத் தைத்துக்கொண்டிருந்தது லூர்துராணிதான். கூலி வேண்டாம், அண்ணன் மகளுக்கு நான் தைக்காமல் யார் தைப்பது என்று அவளாகவே துணியை வாங்கிப் போயிருந்தாள். அளவு பார்க்க மூன்று பேரும் அவள் தையல் பள்ளிக்கூடம் இருந்த மடத்துக்குப் போனார்கள். லூர்துராணி தரையில் உட்கார்ந்து கவுன் விளிம்புக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். குத்தி முடித்ததும் சகாயம்மாள் மகளைத் தோட்டத்துக்கு அனுப்பினாள்.

இருதயநாதன் நின்றபடியே சொன்னார். இந்த முறை செருமவில்லை. "லூர்துராணி, உங்க அம்மாயி தத்துப்புள்ள இல்ல. நான் பொய் சொன்னேன். எங்க அம்மா பேர்ல பொய் சொல்லி உன் கல்யாணத்த நிறுத்தினேன்."

லூர்துராணி பல்லால் நூலைக் கடித்தாள். ஊசியைத் துணியுருண்டையில் குத்தி வைத்தாள். தைரியராஜின் பெயரைச் சொல்லி அழுவாள் என்று சகாயம்மாள் காத்திருந்தாள். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"எங்கம்மாவ என்ன பண்ணினீங்க தெரியுமா?" என்றாள். "தன்னப் பெத்தவளுக்குச் சொந்தம் லால்குடில இருக்குன்னு நம்பி, நின்னுபோன சம்பந்தி வீட்டுக்கே போய், மாப்பிள்ளையோட அம்மாகிட்ட 'நான் ஒன் தங்கச்சிக்கா'ன்னு நின்னாங்க. அந்தம்மாவும் கட்டிக்கிட்டு அழுதாங்க. அதுக்கப்பறம் ஈஸ்டருக்கு நாங்க போறதும் கிறிஸ்மஸுக்கு அவங்க வரதும்... எங்கம்மா செத்தப்ப யாரு மாரடிச்சு அழுதா? அந்தப் பெரியம்மாதான். இப்பவும் லீவுன்னா நான் போற ஒரே வீடு அதுதான். 'எந் தங்கச்சி மவ'ன்னு ஊருக்கெல்லாம் காட்டுவாங்க. கால் வராது, சுவத்தப் புடிச்சு நடந்து வந்து வாசல்ல நிப்பாங்க. அவங்க எனக்கு யாரு இப்ப?"

இருதயநாதன் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"லால்குடிக்குப் போய்ச் சொல்லிடாதீங்க. சாமியார்கிட்ட சொல்லுங்க, யார்கிட்ட வேணாலும் சொல்லுங்க. அங்க மட்டும் வேணாம். அந்த ஒரு வீட்டயும் எடுத்துடாதீங்க."

"மன்னிச்சிடும்மா" என்றாள் சகாயம்மாள், அவருக்குப் பதிலாக.

"அத இன்னிக்குக் கேக்காதீங்கக்கா" என்று எழுந்தாள் லூர்துராணி. "அமலியக் கூப்பிடுங்க. கீழ்மடிப்பு கொஞ்சம் எறங்கியிருக்கு."

அன்று சாயங்காலமே இருதயநாதன் பாக்கியநாதன் சாமியார் அறைக்குப் போனார். சாமியார் முழுவதையும் கேட்டார். "என் பக்கத்துல நின்னு இத்தனை வருஷம் மணியடிச்சியேடா" என்று மட்டும் சொன்னார். பிறகு மேஜையைக் காட்டினார். இருதயநாதன் இடுப்பிலிருந்த கோவில் சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார்.

புதுநன்மை அன்று அடைக்கலராஜ் என்பவர் புதிதாக மணியடித்தார். அடிக்க வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு, வேண்டாத இடத்தில் அடித்தார். இருதயநாதனின் கை இரண்டு தரம் தன்னையறியாமல் கயிற்றைத் தேடி எழுந்து இறங்கியது. சாமியார் கிண்ணத்தோடு படியிறங்கினார். அன்றைக்கு இருதயநாதனுக்குப் பின்னறையில் ஒரு வேலையும் இல்லை. வெள்ளைக் கவுன் போட்ட அமலிக்கு அந்தப் பக்கம் சகாயம்மாள், இந்தப் பக்கம் அவர். பாக்கியநாதன் சாமியார் அவர் முன்னால் வந்தபோது கொஞ்சம் தயங்கினாற்போல் இருந்தது. பிறகு கொடுத்தார். பெண்கள் பக்கத்தில் லூர்துராணி நின்றிருந்தாள். கவுனைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

கோவில்பிள்ளை வேலை ஏன் போயிற்று என்று ஊர் பலவிதமாகப் பேசியது. மெழுகுவத்தி திருடினார் என்பது கடைசியில் நிலைத்தது. சகாயம்மாளுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "நான் போய்ச் சந்தில நின்னு கத்தப் போறேன்" என்றாள்.

"விடு. நெசத்தச் சொன்னா லால்குடி வரைக்கும் போயிடும்" என்றார் அவர்.

அந்த ஆனியிலேயே சகாயம்மாள் குடும்பத்தை மண்ணச்சநல்லூருக்குக் கொண்டுபோனாள். அப்பா வேலை பார்த்த மில்லிலேயே அவருக்கு மூட்டை எடை போடுகிற வேலை கிடைத்தது. போவதற்கு முன் அவர் ஸ்ரீரங்கத்துக்குப் போய் சத்யபாமாவிடம் சொல்லிக்கொண்டார். "பரீட்சை என்னாச்சு மாமா?" என்று கேட்டாளாம். "பாதி பாஸும்மா" என்றாராம். மீதிப் பாதிக்கு அட்டெம்ப்ட் உண்டு, மறுபடி எழுதுங்கோ என்று தைரியம் சொல்லி அனுப்பினாளாம் அந்தப் பெண்.

லால்குடிப் பெரியம்மா அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் இருந்தாள். அவள் அடக்கத்துக்கு இருதயநாதனும் சகாயம்மாளும் போனார்கள். லூர்துராணி தங்கை மகளாகத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது வெளியே வந்து, "சாப்ட்டுப் போங்க" என்றாள் இரண்டு பேரிடமும். அவரை அண்ணே என்று அவள் கூப்பிடவில்லை. மடத்தில் அளவு பார்த்த நாளுக்குப் பிறகு ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

இருதயநாதன் இப்போது மண்ணச்சநல்லூரில் மகள் அமலி வீட்டில் இருக்கிறார்.